17 வயசுப் பெண் குதிரை சினை நிற்கவில்லை: வயசா, ஹார்மோனா, சர்க்கரையா?

மல்லி வீட்டுக்காரி, ஈஞ்சம்பாக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மல்லிக்கு 17 வயசு. கிண்டி ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற தரோபிரெட், அதாவது பந்தய இனக் குதிரை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் சவாரி பழகியது இவள் முதுகில்தான். இவளிடமிருந்து ஒரே ஒரு குட்டி வேண்டும் என்பது என் ஆசை. பந்தயத்துக்கு இல்லை, வீட்டுக்கு. அதனால் ஸ்டட் புக் என்ற வம்சாவளிப் பதிவேட்டில் பதிவது பற்றியெல்லாம் கவலை கிடையாது. செங்கல்பட்டுப் பக்கம் ஒருவரிடம் இருக்கும் மார்வாரிப் பொலிக்குதிரையோடு சேர்க்கிறோம். அவனுக்குப் பிறந்த குட்டிகள் அங்கேயே துள்ளிக்கொண்டிருக்கின்றன, அவன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

மல்லி பருவத்துக்கு வருகிறாள், ஆனால் கணக்கு ஒழுங்காக இல்லை. ஒருமுறை மூன்று வாரத்தில் வருவாள், அடுத்தமுறை மாதம் தாண்டிப் போகும். முட்டை வெடித்தது ஸ்கேனில் தெரிகிறது. சேர்த்த பிறகு பார்த்தால் கருப்பையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கழுவி விடுகிறார்கள். 16ஆம் நாள் ஸ்கேனில் ஒன்றும் இருப்பதில்லை. போன வருஷத்திலிருந்து இதே கதை.

சம்பந்தம் உண்டா இல்லையா என்று தெரியாமல் இன்னும் சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். சித்திரை வெயிலில்கூட தாடைக்கு அடியிலும் முன்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் முடி உதிராமல் நீளமாக நிற்கிறது. மிஷின் போட்டு வெட்டினோம், திரும்ப வளர்ந்துவிட்டது. பிடரிக்குக் கீழே கழுத்து மேடு தட்டியிருக்கிறது, ஆனால் முதுகு மட்டும் இளைத்து நடு எலும்பு தெரிகிறது. மழைக்காலத்தில் முன்னங்கால் இரண்டிலும் வலி வந்து திரும்பவே மறுத்தாள். வலி மருந்து கொடுத்ததும் தணிந்தது.

தீனி: காலையும் மாலையும் வேகவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் ஓட்ஸ். சவாரி முடிந்தால் ஒரு கட்டி வெல்லம். புல் கோ-4.

பார்த்த டாக்டர் ஒருவர் தைராய்டு குறைவு என்று ரிப்போர்ட்டைக் காட்டி மாத்திரை எழுதியிருக்கிறார். என் தோழி மகப்பேறு மருத்துவர். அவள் "இது பி.சி.ஓ.எஸ். மாதிரியே இருக்கே" என்கிறாள். லாயத்துப் பையன் பொலிக்குதிரையை மாற்றச் சொல்கிறான். என் கணவர் "வயசாயிடுச்சு, விடு" என்கிறார். எந்த டெஸ்ட்டை முதலில் எடுப்பது? யாராவது இப்படி ஒரு குதிரையை வைத்திருந்து குட்டி எடுத்ததுண்டா?

அந்தியூர்க்காரன்:

அக்கா, வயசுதானுங்க முதல் காரணம். எங்க ஊர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு வந்து பாருங்க. சுழி பார்ப்பாங்க, வாயைத் திறந்து பல் பார்ப்பாங்க. பல் முன்னால் சாய்ஞ்சிருந்தா குட்டிக்காக வந்தவர் பேசாம அடுத்த குதிரைக்குப் போயிடுவார்.

கழுத்து திரண்டிருக்கிறது நோயா என்ன? எங்க பக்கம் அப்படி இருக்கிற குதிரைக்குத்தான் விலை. நல்ல தீனி தின்ற உடம்புன்னு அர்த்தம். ஆனா சித்திரையில் முடி உதிரலைன்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் எனக்கும் சரியாப் படலை. கொள்ளை நிறுத்திடாதீங்க, கொள்ளு தின்னாத குதிரைக்குச் சூடு ஏறாது.

மாட்டு டாக்டர் (ஓய்வு), மாதவரம்:

அம்மா, நீங்கள் "சம்பந்தம் உண்டா இல்லையா" என்று தள்ளி எழுதிய பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. கருப்பைத் தண்ணீரைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு முடி, கழுத்து, குளம்பு இந்த மூன்றையும் பார்ப்போம்.

முதலில் முடி. வயசான குதிரைக்குப் பருவம் மாறியும் முடி உதிராமல் நின்றால் எனக்கு முதலில் தோன்றுவது பி.பி.ஐ.டி., அதாவது பழைய ஆட்கள் குஷிங் என்று சொல்லும் நோய். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறதல்லவா, அதன் நடுப்பகுதியை டோபமின் என்ற ரசாயனம் அடக்கி வைத்திருக்கும். வயசாக ஆக டோபமின் அனுப்பும் நரம்புகள் அழிகின்றன. அடக்க ஆள் இல்லாமல் அந்தப் பகுதி வீங்கி, ஏ.சி.டி.எச். உள்ளிட்ட ஹார்மோன்களை இஷ்டத்துக்குச் சுரக்கிறது. முடி உதிராது, முதுகுச் சதை கரையும், வயிறு தொங்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீர் அதிகம் போகும், புண் சீக்கிரம் ஆறாது. வெளிநாட்டுக் கணக்குகளில் 15 வயசைத் தாண்டிய குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இது இருக்கிறது. நம் ஊரில் மிஷின் போட்டு முடியை வெட்டிவிடுவதால் பலருக்கு அடையாளமே தெரியாமல் போகிறது.

அடுத்தது கழுத்து மேடு. அந்தியூர்த் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், பொலிக்குதிரைக்குக் கழுத்து திரள்வது இயல்பு. ஓய்வு பெற்ற பெண் குதிரைக்குப் பிடரி அடியில் கொழுப்பு கட்டிக் கல் மாதிரி ஆனால் அது நல்ல சேதி இல்லை. கையால் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். மெத்தென்று ஆடினால் பரவாயில்லை. விறைத்துக்கொண்டு நின்றால் இன்சுலின் கோளாறு இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வால் ஆரம்பிக்கும் இடத்திலும் தோளுக்குப் பின்னாலும் தடவினால் அதே திட்டுகள் கைக்குப் படும். இதற்கு ஈ.எம்.எஸ். என்று பெயர். மனிதர்களின் சர்க்கரை நோய்க்கு உறவு, ஆனால் அதுவேதான் என்று சொல்ல முடியாது. குதிரைக்கு ரத்தச் சர்க்கரை பெரும்பாலும் ஏறாது, அதைக் கட்டுக்குள் வைக்க உடம்பு சுரக்கும் இன்சுலின்தான் ஏறும். ஆகவே குளுக்கோஸ் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது குளம்பு. 2007இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான மட்டக் குதிரைகளுக்கு ரத்தக் குழாய் வழியாக இன்சுலினை ஏற்றி, சர்க்கரை இறங்காமல் குளுக்கோஸும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 72 மணி நேரத்துக்குள் அவற்றுக்கு லேமினைட்டிஸ், அதாவது குளம்புக்குள் வரும் அழற்சி, வந்துவிட்டது. உங்கள் மல்லி மழைக்காலத்தில் திரும்ப மறுத்தது எனக்கு அந்த வகையாகத்தான் படுகிறது. லாடம் அடிப்பவர் அடுத்தமுறை வரும்போது குளம்பைப் பாருங்கள். குளம்புச் சுவரில் வளையங்கள் முன்பக்கம் நெருங்கி, குதிகால் பக்கம் விலகி விலகிப் போகிறதா? அடிப்பக்கம் சீவியதும் வெள்ளைக் கோடு அகன்று, ஆங்காங்கே பழைய ரத்தக் கறை தெரிகிறதா? நல்ல லாடக்காரர் டாக்டருக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இவை சினையை எப்படிக் கெடுக்கின்றன?

இன்சுலின் ஏறிய பருத்த குதிரைகளில் சினைச்சுழற்சி நீள்கிறது. முட்டை வெடித்த இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள் சீக்கிரம் கரையாமல் நின்று புரோஜெஸ்ட்ரோனைச் சுரந்துகொண்டே இருக்கும். மாதம் தாண்டிப் பருவம் வருவதற்கு அது காரணமாக இருக்கலாம். குளிர் நாடுகளில் பெண் குதிரைகள் குளிர்காலத்தில் பருவத்துக்கே வராது. ஆனால் கொழுத்த குதிரைகளில் பல அங்கேயும் வருஷம் முழுக்கச் சுழற்சியில் இருக்கின்றன. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் நமக்கு அந்த அடையாளம் உதவாது. அப்புறம், முட்டையைச் சுற்றியுள்ள திரவத்திலும் கருப்பை உட்சுவரிலும் அழற்சி ரசாயனங்கள் கூடுகின்றன. கரு உண்டானாலும் அது வளரும் இடம் சரியாக இருப்பதில்லை.

பி.பி.ஐ.டி. பக்கம் வேறு வழி. வீங்கிய நடுப்பகுதி பிட்யூட்டரியின் முன்பகுதியை நெருக்கும். முட்டையை வளர்க்கும், வெடிக்க வைக்கும் ஹார்மோன்கள் அங்கிருந்துதான் வர வேண்டும். கூடவே நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. எந்தப் பெண் குதிரைக்கும் சேர்த்த பிறகு கருப்பையில் கொஞ்சம் அழற்சி வரும், விந்தையும் அழுக்கையும் வெளியேற்ற அது தேவை. ஆரோக்கியமான குதிரை ஓரிரு நாளில் சுத்தம் செய்துகொள்ளும். மல்லிக்குத் தண்ணீர் தேங்குகிறது என்றால் சுத்தம் செய்யும் வேலை நடக்கவில்லை. வயசால் கருப்பை தொங்கிப் போயிருக்கலாம், கருப்பை வாய் விரியாமல் இருக்கலாம். முன்பு குட்டி போடாத வயசான குதிரைகளில் இது சகஜம். பிட்யூட்டரியும் சேர்ந்திருக்கலாம். கழுவி விடுவது சரிதான், ஆனால் தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று பார்க்காமல் கழுவிக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தைராய்டு மாத்திரையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வளர்ந்த குதிரைக்கு உண்மையான தைராய்டு குறைவு மிக அபூர்வம். தைராய்டை முழுக்க எடுத்துவிட்ட பெண் குதிரைகள்கூடப் பருவத்துக்கு வந்திருக்கின்றன. வலிக்குக் கொடுத்தது ஃபினைல்பியூட்டசோனா? அது ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவைக் கீழே காட்டும். லேமினைட்டிஸ் சமயத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து மாத்திரை எழுதுவது அவசர வைத்தியம். உடம்பு இளைப்பதற்காகச் சில மாதம் அதே மாத்திரையைக் கொடுப்பது உண்டு, அது வேறு கணக்கு.

எடுக்க வேண்டியவை இரண்டு. ஏ.சி.டி.எச்., இன்சுலின். ஊதா மூடி போட்ட பிளாஸ்டிக் குழாயில் ஏ.சி.டி.எச்.சுக்கு ரத்தம் எடுங்கள். கண்ணாடிக் குழாய் வேண்டாம், அதில் ஒட்டிக்கொள்ளும். எடுத்த உடனே ஐஸ் பெட்டிக்குள் வைத்து, அன்றைக்கே பிளாஸ்மா பிரித்துவிட வேண்டும். ஈஞ்சம்பாக்கத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வரும் வழியில் மத்திய கைலாஷ் சிக்னலில் ஐஸ் இல்லாமல் நின்றால் அளவு இறங்கிவிடும். வலியிலோ பதற்றத்திலோ இருக்கும்போது எடுத்தால் அளவு ஏறும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை எல்லாக் குதிரைக்கும் இயல்பாகவே ஏறும், அந்த மாதங்களில் எடுத்தால் ரிப்போர்ட்டில் தேதியைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இன்சுலினுக்கு இனிப்புக் கரைசல் கொடுத்து 60 முதல் 90 நிமிடத்துக்குள் ரத்தம் எடுப்பார்கள். அதற்கு முன்னால் தானியம் போடக் கூடாது, மயக்க ஊசியும் போடக் கூடாது. மனிதர் லேபில் கொடுப்பதானால் அந்த முறை குதிரை இன்சுலினுக்குச் சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எல்லா முறையும் குதிரை இன்சுலினைச் சரியாகப் படிக்காது.

மூன்றாவதாக ஒன்று, கருப்பை பயாப்ஸி. உட்சுவரில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. அதைத் தரம் பிரிக்கக் கென்னி தரவரிசை என்று ஒன்று இருக்கிறது. முதல் தரம் என்றால் குட்டி ஈனும் வாய்ப்பு 80 முதல் 90 சதவீதம். 2ஏ என்றால் 50 முதல் 80. 2பி என்றால் 10 முதல் 50. மூன்றாம் தரம் என்றால் பத்துக்கும் கீழே. ரத்தப் பரிசோதனை இரண்டும் நன்றாக வந்து பயாப்ஸி மூன்றாம் தரம் என்றால் நான் உங்கள் கணவர் கட்சி.

மல்லி வீட்டுக்காரி, ஈஞ்சம்பாக்கம்:

டாக்டர் சார், ரொம்ப நன்றி. லாடக்காரர் வந்தபோது நீங்கள் சொன்னதைச் சொல்லாமல், "குளம்பில் ஏதாவது தெரிகிறதா" என்று மட்டும் கேட்டேன். அவர் விரல் வைத்து வளையங்களைக் காட்டினார். குதிகால் பக்கம் விரல் நுழையும் அளவு விலகியிருக்கிறது, முன்னால் ஒன்றின் மேல் ஒன்று. "இது மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஆரம்பிச்சிருக்கும்மா" என்றார். தொட்டி நிரப்பும் பையனைக் கேட்டேன். மற்ற இரண்டு குதிரைக்கும் சேர்த்து ஊற்றுவதை மல்லி ஒருத்தியே குடிக்கிறாளாம். வெயில் என்று நினைத்தானாம்.

ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன். ஃபினைல்பியூட்டசோன்தான் கொடுத்தார்கள், நீங்கள் சொன்னது சரி.

பி.சி.ஓ.எஸ். பற்றி என் தோழி விடவே மாட்டேன் என்கிறாள். இன்சுலின் ஏறுகிறது, சுழற்சி தள்ளிப் போகிறது, முடி வளர்கிறது, வேறென்ன வேண்டும் என்கிறாள். தீனியையும் சொல்லுங்கள். கொள்ளு, தவிடு, வெல்லம் எல்லாவற்றையும் நிறுத்தினால் என்ன போடுவது? எங்கள் மாமியார் இதைக் கேட்டதிலிருந்து குதிரையைப் பட்டினி போடப் போகிறேன் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாட்டு டாக்டர் (ஓய்வு), மாதவரம்:

உங்கள் தோழி யோசிக்கும் திசை தப்பில்லை, முடிவுதான் ஒட்டாது. பெண்களுக்கு வரும் பி.சி.ஓ.எஸ்.ஸில் சினைப்பை ஆண் ஹார்மோனைக் கூட்டிச் சுரக்கிறது, முட்டை வெடிப்பது தவறிப் போகிறது. மல்லிக்கு முட்டை வெடிக்கிறது, ஸ்கேனில் பார்த்திருக்கிறீர்கள். முடியும் ஆண் ஹார்மோனால் வளரவில்லை. குதிரை சினைப்பையில் ஆண் ஹார்மோன் ஏறும் நோய் ஒன்று உண்டு, கிரானுலோசா செல் கட்டி. ஒரு பக்கச் சினைப்பை பெருத்துப் போகும், மறுபக்கம் சுருங்கிக் கிடக்கும். பெண் குதிரை பொலிக்குதிரை மாதிரி கனைக்கும், மற்ற குதிரைகளை விரட்டும், அல்லது பருவமே வராது. அந்தப் பக்கத்தை ஆபரேஷனில் எடுத்துவிட்டால் மறுபக்கம் பல மாதம் கழித்து வேலைக்குத் திரும்பும். ஸ்கேனில் இரண்டு பக்கமும் சாதாரணமாகத் தெரிந்தால் இதை விட்டுவிடலாம். ஓட்டத்தில் இருந்தபோது நாண்ட்ரலோன் போன்ற ஊசி போட்ட பெண் குதிரைகளும் கொஞ்ச காலம் இப்படி நடந்துகொள்ளும். மல்லி ஓய்வு பெற்று வருஷக்கணக்கில் ஆகிவிட்டதால் அதுவும் இல்லை.

தீனி. மாமியாரிடம் சொல்லுங்கள், பட்டினி கூடாது என்பதில் நானும் அவர் பக்கம். வெல்லத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். கொள்ளும் ஓட்ஸும் மாவுச்சத்து, நிறுத்துங்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கோ-4 நேப்பியர் வகை, அதில் உள்ள ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப் போட்டுவிடும். மாட்டுக்கு வயிற்று நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டைச் சமாளித்துக்கொள்கின்றன, குதிரைக்கு அந்த வசதி குறைவு. தவிடும் நேப்பியரும் சேர்ந்து வருஷக்கணக்கில் போனால் முக எலும்பு வீங்கும். நம் ஊர் லாயங்களில் இந்த ஜோடி அதிகம், எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல்.

தையல் டேப்பை எடுங்கள். நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம், இரண்டும் செ.மீ.யில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். 185 சுற்றளவு, 165 நீளம் என்றால் சுமார் 475 கிலோ. உலர் தீனியாக உடம்பு எடையில் 1.5 சதவீதம், அதாவது ஏழு கிலோ. பச்சை நேப்பியரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் என்பதால் அதே ஏழு கிலோவுக்குப் பச்சையில் 35 கிலோ போட வேண்டும். அந்தக் குவியலைப் பார்த்த பிறகு யாரும் பட்டினி என்று சொல்ல மாட்டார்கள். முடிந்தால் பாதியைக் காய்ந்த புல்லாக மாற்றுங்கள். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போட்டால் சர்க்கரை குறையும். சென்னைச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் புளித்து நாறும், காலையில் ஊறவைத்து அப்போதே போடுங்கள். குதிரைமசால் ஒரு கைப்பிடி, தாது உப்பு. தாது உப்பை எதில் கலப்பது என்றால் அந்தக் குதிரைமசாலிலேயே கலந்துவிடுங்கள்.

குளம்பு வலி முழுக்க அடங்கியதும் நடை. காலை ஆறு மணிக்கு முன்னால் கடற்கரை ஈரமணலில் கூட்டிப் போங்கள், வறண்ட மணல் வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். இதெல்லாம் சேர்ப்பதற்கு முன்னால். சினை நின்ற பிறகு கொழுத்த குதிரைக்குத் தீனியைக் குறைத்தால் உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலை அடைத்துவிடும். ஹைப்பர்லிபீமியா என்பார்கள், தாயும் போகும் குட்டியும் போகும். இளைக்க வைப்பதானால் இப்போதே, மெதுவாக. சேர்க்கும் சமயத்தில் உடம்பு நிலைக்கான மதிப்பெண் ஒன்பதுக்கு ஐந்து ஆறு இருந்தால் போதும். மெலிந்து எலும்பு தெரிந்தாலும் சினை பிடிப்பது குறையும்.

நீலாங்கரை சவாரிப் பள்ளி:

எங்களிடம் கத்தியவாரி இனப் பெண் குதிரை ஒருத்தி இருந்தாள், பி.பி.ஐ.டி. உறுதியானவள். பெர்கோலைட் மாத்திரை ஆரம்பித்து, ஏ.சி.டி.எச். இறங்கி, முடி உதிர்ந்த பிறகுதான் சேர்த்தோம். குட்டி போட்டாள், குட்டி இப்போது பெரியவன். ஆகவே நடக்காத காரியம் இல்லை.

நாங்கள் பட்ட கஷ்டம் பாலில். பெர்கோலைட் டோபமின் மாதிரி வேலை செய்யும் மருந்து, அது பால் ஹார்மோனான புரோலாக்டினையும் அடக்கிவிடும். எங்கள் டாக்டர் ஈனும் தேதிக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். ஆனாலும் மடி சரியாக இறங்கவில்லை. பால் சுரக்க டோம்பெரிடோன் கொடுத்தார்கள். சீம்பாலுக்கு வேறொரு லாயத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் குட்டி பிழைத்தது. குதிரைக் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையில் வருவதில்லை, முதல் நாள் சீம்பாலில்தான் வருகிறது. பிறந்து சில மணி நேரத்துக்குள் வயிற்றில் போயாக வேண்டும். மல்லிக்குச் சினை நின்றால் 11 மாதத்தில் நீங்களும் இதை யோசித்து வையுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த புதிதில் தீனி எடுக்க மாட்டாள், சோர்ந்து நிற்பாள். பயந்து நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றலாம். அப்புறம் ஒரு சின்ன விஷயம், சுழற்சியை ஒழுங்கு செய்ய ஆல்ட்ரினோஜெஸ்ட் திரவம் கொடுக்கச் சொன்னால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோல் வழியாக உடம்புக்குள் இறங்கும், பெண்களுக்கு மாதவிடாய் தப்பும். எங்கள் லாயத்தில் அந்தப் பாட்டிலைத் தனி அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம்.

அந்தியூர்க்காரன்:

டாக்டர் ஐயா, நம்ம குதிரைங்க கழுத்தையும் ஆட்டிப் பார்த்தேனுங்க. ஒண்ணு ஆடலை. பெண் குதிரைதான், 12 வயசு. வெல்லம் தின்னாம வண்டியில் கால் வைக்காது. என்ன செய்யலாம்?

மாட்டு டாக்டர் (ஓய்வு), மாதவரம்:

தம்பி, ஒரு கேரட்டை நீளவாட்டில் நாலாகக் கீறிக் காட்டுங்கள், கால் வைக்கும். குளம்பையும் பாருங்கள்.

மல்லி வீட்டுக்காரி, ஈஞ்சம்பாக்கம்:

ரிப்போர்ட் வந்துவிட்டது. இனிப்புக் கரைசலுக்குப் பிறகு எடுத்த இன்சுலின் எல்லையைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது. ஏ.சி.டி.எச்.சும் அதிகம். இரண்டும் இருக்கிறது என்கிறார்கள். பயாப்ஸி 2பி.

இந்த வருஷம் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மாத்திரை ஆரம்பித்தாயிற்று. என் மனசில் இப்போது ஓடுவது கருமாற்றம். மல்லியிடமிருந்து கருவை எடுத்து வேறொரு பெண் குதிரைக்கு வைத்தால், 11 மாதம் சுமக்கும் பாரம் அவள் குளம்புக்கு இல்லை, பெர்கோலைட்டையும் நிறுத்த வேண்டாம், பால் கவலையும் இல்லை. சரியாகத்தான் யோசிக்கிறேனா?

மாட்டு டாக்டர் (ஓய்வு), மாதவரம்:

சரியாகத்தான் யோசிக்கிறீர்கள். பயாப்ஸி 2பி என்னும்போது எனக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பிகானேரில் தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில் 2023இலேயே மார்வாரிக்குக் கருமாற்றத்தில் குட்டி பிறந்திருக்கிறது, நம் நாட்டில் ஆகாத வித்தை இல்லை. பதிவு பெற்ற தரோபிரெட் குட்டி வேண்டுமென்றால் இது நடக்காது, நேரடியாகச் சேர்த்துத் தாயே சுமக்க வேண்டும் என்பது ஸ்டட் புக் சட்டம். உங்களுக்கு அந்தத் தடை இல்லை.

ஆனால் இரண்டு விஷயம். கருமாற்றம் கருப்பைக் கோளாறைத் தாண்ட வைக்கும், முட்டைக் கோளாறைத் தாண்ட வைக்காது. பெண் குதிரை பிறக்கும்போதே முட்டைகளோடு பிறக்கிறது, மல்லியின் முட்டைக்கும் 17 வயசுதான். வயசான குதிரையின் கருவை இளம் குதிரைக்கு வைத்தாலும் தங்குவது குறைவு, அது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் முதலில் இன்சுலினை இறக்கச் சொல்கிறேன். வயசைக் குறைக்க மருந்து கிடையாது, முட்டை வளரும் திரவத்தை மாற்ற நமக்கு வழி இருக்கிறது. கொழுத்த தாய்க்குப் பிறந்த குட்டிகளுக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும், மூட்டுக் குருத்தெலும்பு சரியாக முற்றாமல் போவதும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே சுமக்கப் போகும் குதிரையையும் ஒல்லியாக, ஆரோக்கியமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கழுத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கருவைக் கழுவி எடுப்பது முட்டை வெடித்து ஏழாம் எட்டாம் நாள். அதற்கும் முதலில் கருப்பையில் தண்ணீர் தேங்காமல் இருக்க வேண்டும். சேர்த்து நாலு மணி நேரத்துக்குப் பிறகு கழுவி, தண்ணீரை வெளியே தள்ள ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, மறுநாள் ஸ்கேனில் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழற்சியை அடக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரு டோஸ் போடும் பழக்கம் இருக்கிறது. மல்லிக்கு லேமினைட்டிஸ் வந்திருப்பதால் அதை யாராவது கையில் எடுத்தால் முதலில் குளம்பைக் காட்டுங்கள். இன்சுலின் அளவை மறுபடி பார்த்து, கழுத்து இளகிய பிறகு எழுதுங்கள். யாரிடம் போவது என்று அப்போது பேசுவோம்.